இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி: எந்த ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது?

தஞ்சைப்பெண்:
வணக்கம். எனக்கு வயது 32. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியாது. அந்த நாட்களில் மலம் கழிக்க உட்கார்ந்தால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல வலித்து வியர்த்துவிடும். ஸ்கேனில் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்), இடது சினைப்பையில் 6 செ.மீ., வலதில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்ப்பது) அளவு 68. அதைப் பார்த்ததும் வீட்டில் புற்றுநோய் என்றே பயப்படுகிறார்கள்.

ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் இடது சினைப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்கிறார். தெரிந்த நர்ஸ் அக்கா, ஊசி வைத்து உறிஞ்சினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கோவை அக்கா:
ஊசி வேண்டாம்மா. எனக்கு அப்படித்தான் உறிஞ்சினார்கள், சீக்கிரமே பழைய அளவுக்கு வந்துவிட்டது. அப்புறம் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தேன். வலி நன்றாகக் குறைந்தது. ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாயா?

மகப்பேறு மருத்துவர்:
சகோதரி, உங்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. சிஏ-125 அளவு 35-ஐத் தாண்டினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி), ஏன், பீரியட்ஸ் சமயத்தில்கூட அது ஏறும். கட்டிக்குள் ரத்த ஓட்டமுள்ள திடமான பகுதி இருக்கிறதா என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் பாருங்கள். அதுதான் முக்கியம்.

ஊசியால் உறிஞ்சினால் பழைய ரத்தம் மட்டும் வெளியே வரும், கட்டியின் சுவர் அங்கேயே இருக்கும். அதனால் திரும்ப வருவது மிக அதிகம், தொற்று அபாயமும் உண்டு. சுவரோடு உரித்தெடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும், வலியும் குறையும். ஆனால் அந்தச் சுவர் சினைப்பையோடு ஒட்டியிருப்பதால் உரிக்கும்போது நல்ல திசுவும் கொஞ்சம் சேர்ந்து வரும், கருமுட்டை இருப்பு குறையும். உங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருப்பதால் இது பெரிய விஷயம். எனவே கத்தி வைக்கும் முன் ஏஎம்ஹெச் பார்த்தே ஆக வேண்டும், ஸ்கேனில் சினைப்பைக்குள் கருமுட்டை வளரும் சிறு பைகளையும் எண்ணச் சொல்லுங்கள்.

இடது சினைப்பையை முழுதாக எடுக்கும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தை வேண்டும் என்கிறீர்கள், வலதிலும் கட்டி இருக்கிறது. இடது சினைப்பையை எடுத்தாலும் மற்ற இடங்களில் உள்ள எண்டோமெட்ரியோசிஸ் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, மலம் கழிக்கும்போது வரும் வலியை அலட்சியப்படுத்தாதீர்கள். கர்ப்பப்பைக்குப் பின்னால், மலக்குடல் பக்கம் ஆழமாகப் பரவியிருக்கலாம். ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. அங்கே இருந்தால் குடல் அறுவைச் சிகிச்சை நிபுணரும் தியேட்டரில் இருக்க வேண்டும்.

தஞ்சைப்பெண்:
நன்றி டாக்டர். ஏஎம்ஹெச் பற்றி யாருமே பேசவில்லை. ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) போவதாக இருந்தாலும் முதலில் கட்டியை எடுத்தாக வேண்டுமா?

மகப்பேறு மருத்துவர்:
கட்டாயம் இல்லை. ஐவிஎஃப் வெற்றிக்காக மட்டும் முன்கூட்டியே கட்டியை எடுப்பதை ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் (ESHRE) 2022 வழிகாட்டுதல் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை. தாங்க முடியாத வலி, கருமுட்டை எடுக்க ஊசி போக முடியாத நிலை, ரிப்போர்ட்டில் புற்றுநோய்ச் சந்தேகம் ஆகியவை ஆபரேஷனுக்கான காரணங்கள். ஏஎம்ஹெச் குறைவாக இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே கருமுட்டையையோ கருவையோ உறைய வைக்கலாமா என்று கேளுங்கள். கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். அதைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கோவை அக்கா:
ஆபரேஷன் செய்தால் வீடியோவும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கேட்டு வாங்கி வை. எனக்கு அப்புறம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. தினமும் கொடுத்தார்கள், கட்டி திரும்ப வராமலிருக்க. குழந்தைக்கு முயற்சி செய்யும்போது அது சரிவராது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

மகப்பேறு மருத்துவர்:
சரியாகச் சொன்னீர்கள். தஞ்சைப்பெண், திடீரென்று ஒரு பக்கம் கடும் வலியும் வாந்தியும் வந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கட்டி உடைந்திருக்கலாம்.

தஞ்சைப்பெண்:
சரி டாக்டர். திங்கட்கிழமை ஏஎம்ஹெச் கொடுக்கிறேன், எம்ஆர்ஐக்கும் கேட்கிறேன். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.