தாய்லாந்து மொழித் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில்: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. 2022இல் வந்த 'கின்போர்ஷ்' என்ற தாய்லாந்துத் தொடருக்கு நானே தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நண்பன் ஒருவனுக்காக. ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவனால் படிக்க முடியவில்லை. மொத்தம் 14 பகுதிகள். மாஃபியா குடும்பத்து வாரிசு கின்னும், அவனுக்கு மெய்க்காப்பாளனாக வந்துசேரும் பார் ஊழியன் போர்ஷும் காதலிக்கிற கதை. கடத்தல், சித்திரவதை எல்லாம் உண்டு. மனம் திடமாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

சிக்கல் இதுதான். தாய்லாந்து மொழியில் 'ஃபோம்' (நான்), 'குன்' (நீங்கள்) என்றால் மரியாதை. 'கூ' (நான்), 'முங்' (நீ) என்றால் ஒன்று சண்டை, இல்லையென்றால் ரொம்ப நெருக்கம். ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே 'ஐ', 'யூ' ஆகி, உறவின் சூடே போய்விடுகிறது. தமிழில் நமக்கு 'நீங்க', 'நீ', 'டா' இருக்கிறதே என்று தெம்பாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் முதலாளியை 'டா' போட்டால் நம் ஊர் ரவுடிப் படம் மாதிரி ஆகிவிடுகிறது, 'நீங்க' போட்டால் காதல் காட்சியே விறைத்துப் போகிறது!

இதைவிடக் கஷ்டம் வேகாஸ், பீட் என்ற இன்னும் இரண்டு பாத்திரங்கள் வரும் பகுதி. சிறைவைத்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் நடுவே மெல்ல மாறும் பேச்சு. எந்த இடத்தில் 'நீங்க'வை விடுவது?

தாய்லாந்து மொழி தெரிந்தவர்கள், சப்டைட்டில் எழுதிப் பழகியவர்கள் யாராவது இரண்டு காட்சிகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? அப்புறம், 'கே' என்பதற்குத் 'தன்பாலீர்ப்பாளர்' சரிதான், ஆனால் அடியாள் வாயில் அது வருமா?