விரல் படாமலே வெடிக்குமா? பி320 கைத்துப்பாக்கி வழக்குகள்: விவாதம்

கார்முகில்:
சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பற்றி இங்கே பலமுறை பேச்சு எழுந்து பாதியிலேயே நின்றிருக்கிறது. இந்தத் தடவை நேராகவே கேட்கிறேன். யாரும் ட்ரிகரை இழுக்காதபோது இந்தத் துப்பாக்கி சுட்டுவிட்டது என்று அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொல்கிறார்கள். தினமும் துப்பாக்கியோடு புழங்கும் போலீஸ்காரர்களும் அவர்களில் உண்டு. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் ஒருவருக்கு 23.5 லட்சம் டாலர், நவம்பரில் பிலடெல்பியாவில் இன்னொருவருக்கு 1.1 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. இன்னும் எத்தனை பேர் தொடையில் குண்டு பாய்ந்தால் இதைக் கோளாறு என்று ஒப்புக்கொள்வோம்?

டெக்சாஸ் ராமு:
ஆறு வருடமாக என் இடுப்பில் இருப்பது பி320தான். ஒரு நாளும் அது தானாகச் சுட்டதில்லை. சரி, என் ஒருவன் அனுபவத்தை வைத்து எதுவும் முடிவாகாது. ஆனால் அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் இதே வடிவத்தைத்தான் எம்17, எம்18 என்று தேர்ந்தெடுத்தது. 58 கோடி டாலர் வரைக்குமான ஒப்பந்தம். 2022-ல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த வழக்கில் ஜூரி நிறுவனத்தின் பக்கம் நின்றது. அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சில் ஒரு நண்பர் துப்பாக்கியை உறையில் செருகிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் அடியில் தொங்கும் கயிறும் கூடவே உள்ளே போய்விட்டது. அதன் முனையில் பட்டாணி அளவு பிளாஸ்டிக் குமிழ். ரேஞ்ச் அதிகாரி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்தால், அந்தக் குமிழ் ட்ரிகர் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் காலில் ஓட்டை. நண்பர் என்ன சொல்லியிருப்பார்? "சத்தியமாக ட்ரிகரைத் தொடவே இல்லை" என்றுதான். அது பொய்யும் இல்லை. வழக்குப் போடுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இளவேனில்:
ராமு அண்ணா, உங்கள் கதையே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பி320 ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கி. இந்த வகையில் வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. ஸ்பிரிங்கின் விசையில் நிற்கும் ஊசிதான் தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிறது. இதே வகையைச் சேர்ந்த, கிளாக் என்ற இன்னொரு நிறுவனத்தின் துப்பாக்கியில் அந்த ஊசி பாதி இழுபட்ட நிலையில்தான் இருக்கும். மீதியை விரல்தான் இழுத்து முடிக்க வேண்டும். பி320-ல் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல் பாகத்தை, ஒருமுறை இழுத்து விட்டாலே ஊசி கிட்டத்தட்ட முழுதாக இழுபட்டு நிற்கிறது. கொக்கியும் உள்பூட்டும்தான் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. கிளாக்கின் ட்ரிகருக்கு நடுவே ஒரு சின்ன நாக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுந்தாவிட்டால் ட்ரிகர் பின்னுக்கு நகராது. பி320-ல் அந்த நாக்கு இல்லை.

உங்கள் நண்பரின் குமிழ் நடுவில் அழுத்தினால் கிளாக்கும் சுடும், மறுக்கவில்லை. ஓரத்தில் உரசினால் சுடாது. அந்த ஓர உரசலில்தான் ஒரு காலும் ஒரு உயிரும் இருக்கிறது.

2017 ஆகஸ்டை மறந்துவிட்டோமா? ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுடுகிறது என்று தெரிந்ததும் டல்லாஸ் போலீஸ் இதை நிறுத்திவைத்தது. அப்புறம்தான் ட்ரிகரையும் உள் பாகங்களையும் இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது.

டெக்சாஸ் ராமு:
கீழே விழுந்தால் சுடும் பிரச்சினை உண்மை. அதை நான் மறுத்ததே இல்லை, என் துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அதைக் காட்டி இன்றைய குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாது. ஒரு திருகாணியால் ட்ரிகரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்லைடை ஆட்டிச் சுட வைத்த வீடியோவை எல்லோரும் பகிர்ந்தீர்கள். பின்னுக்குத் தள்ளியதே இழுத்ததுதானே! எஃப்பிஐ சோதனைக்கூடம் 2024-ல் மிச்சிகன் போலீசின் ஒரு எம்18-ஐ ஆராய்ந்து, உள்பூட்டு செயலிழக்க வாய்ப்புண்டு என்று எழுதியது. பின்னால் நடந்த சோதனைகளில் அது திரும்ப நிகழவில்லை.

வயோமிங் விஷயத்தையும் பாருங்கள். 2025 ஜூலையில் எஃப்.இ. வாரன் தளத்தில் ஒரு விமானப்படை வீரர் எம்18 குண்டுக்குப் பலியானார். உடனே துப்பாக்கிதான் கொலைகாரன் என்று எல்லோரும் எழுதினார்கள், அந்தத் தளத்தை நடத்தும் விமானப்படைப் பிரிவும் எம்18-ஐ நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே பொய் வாக்குமூலம், கவனக்குறைவால் மரணம் விளைவித்தது ஆகிய சந்தேகங்களில் இன்னொரு வீரர் கைதானார். துப்பாக்கிகளைச் சோதித்துவிட்டுத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கார்முகில்:
வயோமிங்கில் அவசரப்பட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சம்பவம் பொய்யானதால் நூறும் பொய்யாகிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தின் போலீஸ் பயிற்சி ஆணையம் இதைத் தடை செய்தது, ஐசிஇ என்ற குடிவரவு அமலாக்கத் துறை கைவிட்டது, மில்வாக்கி போலீஸ் கிளாக்குக்கு மாறியது. இவர்கள் எல்லோரும் துப்பாக்கியை வெறுப்பவர்களா?

முத்தையா:
நீங்கள் இரண்டு பேரும் "தானாகச் சுட்டதா, விரல் பட்டதா" என்ற ஒரே இடத்தில் சுற்றுகிறீர்கள். ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரி எடை போட்டது வேறு கேள்வி. ட்ரிகரில் நாக்கோ, வெளியே கட்டைவிரலால் தள்ளும் கட்டைவிரல் பூட்டோ இல்லாமல், தோட்டா ஏற்றிய நிலையில் இடுப்பில் சுமக்க என்று ஒரு துப்பாக்கியை விற்கலாமா? தெரியாமல் ஏதோ உரசியிருந்தாலும், அந்த உரசலுக்கே சுடுவது வடிவமைப்புக் குறைதான் என்பது வாதிகளின் வாதம். அந்த வாதம் இரண்டு இடத்திலும் எடுபட்டது. ராமு சொன்ன கயிற்றுக் குமிழ் அப்படியே இந்த வாதத்தில் போய் உட்காருகிறது.

இதெல்லாம் ஏன் நீதிமன்றத்துக்குப் போகிறது என்றும் யோசியுங்கள். ரொட்டி சுடும் டோஸ்டரில் கோளாறு என்றால் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெற வைக்கலாம். துப்பாக்கியை அது தொட முடியாது, 1970-களிலேயே சட்டம் கையைக் கட்டிவிட்டது. 2005-ல் வந்த சட்டம் துப்பாக்கி நிறுவனங்களைப் பல வழக்குகளிலிருந்து காக்கிறது. பொருளின் கோளாறுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. நிறுவனத்தின் சொந்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் 2025-ல் அந்த வாசலிலும் பாதியை அடைத்தது. வெளிப் பாதுகாப்புப் பூட்டு இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி அங்கே இனி வழக்குப் போட முடியாது. அடிபட்டவர் பிறகு யாரிடம் போய்ச் சொல்வார்? இதுதான் எனக்கு ஆறவில்லை.

டெக்சாஸ் ராமு:
முத்தையா ஐயா, நீங்கள் வைத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பி320 தானாகச் சுடும் என்பதை இன்னும் நம்பவில்லை. உரசலுக்குச் சுடலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.

இளவேனில்:
அண்ணா, ராணுவத்துக்குப் போன எம்17, எம்18 இரண்டிலும் கட்டைவிரல் பூட்டு உண்டு. ராணுவம் கேட்டு வாங்கியது. உங்களுடையதில் இருக்கிறதா?

டெக்சாஸ் ராமு:
இல்லை. வாங்கும்போது இரண்டு வகையும் கடையில் இருந்தன. அவசரத்தில் பூட்டை விடுவிக்க மறந்துவிடுவோமோ என்று பயந்து, பூட்டு இல்லாததை எடுத்தேன். நாளைக்குக் கடைக்காரரிடம் மாற்றித் தர முடியுமா என்று கேட்கிறேன். அதுவரை அது பெட்டகத்தில் இருக்கட்டும்.