வெள்ளிக்கிழமை திருவந்திபுரம், வண்டியோ அசையவில்லை

குழு: தேவனாம்பட்டினம் வீடு

செவ்வாய்

சித்தப்பா, காலை 6:40
இன்றும் கார் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வருகிறது. வாங்கி நான்கே மாதமான பேட்டரி! கடைக்காரர் இன்னொன்று வாங்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை திருவந்திபுரத்தில் முகூர்த்தம்.

அக்கா, 6:52
எல்லாம் கடல் காற்றுதான் சித்தப்பா. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளே துருப்பிடித்துவிட்டது.

புதுவை மாமா, 7:01
கடல் காற்றைப் பிறகு திட்டலாம். மாப்பிள்ளை, மல்டிமீட்டர் இருக்கிறதல்லவா?

சித்தப்பா, 7:09
இருக்கிறது மச்சான். டெர்மினலில் பச்சை பூத்திருந்தது, வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டேன். 11.7 வோல்ட்.

புதுவை மாமா, 7:11
நிறைந்த பேட்டரி என்றால் 12.6 காட்டும். பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.

சித்தப்பா, 7:26
ஓடுகிறது. 13.7. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சரியாகத்தான் சார்ஜ் செய்கிறது. அப்படியானால் பேட்டரிதானே குற்றவாளி?

புதுவை மாமா, 7:30
அவசரப்படாதீர்கள். கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள், தண்ணீரை ஏற்றத்தான் செய்யும். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கெட்டிருந்தால், நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடும் மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் அப்படி ஒரு வால்வுதான். வண்டியை நிறுத்திப் பூட்டுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். நடுவில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

சித்தப்பா, 8:20
0.62 ஆம்பியர்.

புதுவை மாமா, 8:22
0.05க்குள் இருக்க வேண்டியது! ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 ஆம்பியர்-மணி ஒழுகுகிறது. உங்களுடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டு நாள் நின்றால் எப்படி எடுக்கும்? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பாருங்கள்.

சித்தி, 9:05
தினசரியை விரித்து, ஃபியூஸ்களைப் பல் பிடுங்கியது போல வரிசையாக அடுக்கியிருக்கிறார். எது எந்தக் குழியில் இருந்தது என்று எழுதி வைத்தாரா, கேளுங்கள் அண்ணா.

சித்தப்பா, 9:07
படம் எடுத்து வைத்திருக்கிறேன். எதைப் பிடுங்கினாலும் 0.62 அசையவில்லை.

புதுவை மாமா, 9:10
எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள் அந்த ஃபியூஸ் பெட்டி வழியே போவதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருக்கிறதா, பார்த்ததுண்டா?

சித்தி, 9:14
அண்ணா, விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போகும்போதெல்லாம் பூனை பானெட்டுக்குள்ளிருந்துதான் இறங்கி ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் பெல்ட் இருக்கும் பக்கம்!

அக்கா, 9:15
😂

புதுவை மாமா, 9:18
உங்கள் வீட்டு மெக்கானிக் பூனைதான்! மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கழன்ற நிலையிலேயே அந்தத் தடித்த கேபிளைக் கழற்றி, முனையில் துணி சுற்றுங்கள். பிறகு மீட்டரைப் பழையபடி வைத்துப் பாருங்கள்.

சித்தப்பா, 9:41
0.02!

புதுவை மாமா, 9:42
டயோடு போய்விட்டது. அது சரியாகும்வரை நெகட்டிவைக் கழற்றியே வையுங்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது கழற்றிவிடாதீர்கள், மற்ற மின்சுற்றுகள் கெடும்.

வியாழன்

சித்தப்பா, மாலை 6:15
மஞ்சக்குப்பத்தில் ஆல்டர்னேட்டரைப் பிரித்துக் காட்டினார்கள். டயோடுகள் இரு பக்கமும் மின்சாரத்தை விடுகின்றன. டயோடுகள் பதித்த புதிய ரெக்டிஃபையர் தட்டு போட்டாயிற்று. பேட்டரியும் பிழைத்துக்கொண்டது, கடையில் சார்ஜ் போட்டு 12.6. நாளைக் காலை 6 மணிக்கு எல்லோரும் தயாராக இருங்கள்.

சித்தி, 6:17
நாங்கள் தயார். நீங்கள் கிரீஸ் போகக் கை கழுவிவிட்டு வாருங்கள், வேட்டியில் துடைக்காமல்.