லீ மார்வினுக்கு நேவி க்ராஸ் குடுத்தாங்களா? வாட்ஸப்ல சுத்துற கதை

மாடிவீட்டு மணி:
எங்க சித்தப்பா குடும்ப க்ரூப்ல ஒரு நீளமான ஃபார்வர்டு போட்ருக்காரு. ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் (டர்ட்டி டஜன்ல வர்ற மேஜர்) ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட இவோ ஜிமா தீவுல நடந்த சண்டைல நேவி க்ராஸ் (வீரத்துக்குக் குடுக்குற அமெரிக்க மெடல்) வாங்கினாராம், டிவி பேட்டில "என்னை விட தைரியசாலி என் சார்ஜண்ட் பாப் கீஷன்தான்"னு சொன்னாராம். அந்த கீஷன்தான் பின்னாடி அமெரிக்க குழந்தைங்க நிகழ்ச்சில கேப்டன் கங்காருவா வந்தவராம். படிக்கும்போதே புல்லரிக்குது, ஆனா கொஞ்சம் இடிக்குது. யாருக்காச்சும் தெரியுமா?

பழைய ரீல்:
இடிக்கத்தான் செய்யும் தல. மார்வின் அமெரிக்க மரைன் படைல இருந்தது நிஜம், 4வது டிவிஷன். ஆனா அவர் அடிபட்டது சைபான் தீவுல, 1944 ஜூன் 18, அமெரிக்கப் படை கரை இறங்கி மூணே நாள்தான் ஆகியிருக்கு. டபோசாவ் மலைப் பக்கம் முன்னேறும்போது மெஷின் கன் குண்டு பாய்ஞ்சு சயாட்டிக் நரம்பு அறுந்துபோச்சு, இடுப்புக்குக் கீழ காலுக்கு ஓடுற பெரிய நரம்பு அது. அவர் கம்பெனில பாதிக்கு மேல காலி. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி வாசம். இவோ ஜிமால படை இறங்கினது 1945 பிப்ரவரி 19, அன்னிக்கு அவரோட 21வது பிறந்தநாள் வேற, மனுஷன் படுக்கைல இருந்திருக்காரு. அதே 4வது டிவிஷன் இவோ ஜிமாலயும் சண்டை போட்டுச்சு, யாரோ அதையும் இதையும் சேத்து முடிச்சு போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். குடுத்தது பர்ப்பிள் ஹார்ட், அது காயம்பட்டவங்களுக்குக் குடுக்குறது. நேவி க்ராஸ் வீரத்துக்கு, அந்த லெவலே வேற.

சும்மா ஒருத்தன்:
கீஷன் கதை இன்னும் காமெடி. அவர் பிறந்தது 1927 ஜூன். மரைன் ரிசர்வ்ல சேந்ததே 18 முடியுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 1945ல. இவோ ஜிமா மார்ச்லயே முடிஞ்சுபோச்சு! சண்டையே பாக்காத பையனை சார்ஜண்டாக்கி குண்டு மழைல நிக்க வச்சுட்டாங்க. இதே ஃபார்வர்டோட வால்ல மிஸ்டர் ராஜர்ஸ் (இன்னொரு அமெரிக்க குழந்தைங்க டிவி நிகழ்ச்சிக்காரர்) ஸ்னைப்பர், அதாவது மறைஞ்சிருந்து குறிபாத்து சுடுற சிப்பாய், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தாரு, அதை மறைக்கத்தான் ஃபுல் கை ஸ்வெட்டர்னு இருக்குமே? அவர் பட்டாளத்துப் பக்கமே போனதில்ல, சர்ச் பாதிரியார். ஸ்வெட்டர் அவங்கம்மா பின்னிக் குடுத்தது ஐயா!

பழைய ரீல்:
@சும்மா ஒருத்தன் ஹாஹா, அம்மா பின்னின ஸ்வெட்டருக்குள்ள ஸ்னைப்பர். எனக்கு இதுல கடுப்பு என்னன்னா, மார்வின் நரம்பு அறுந்து ஒரு வருஷத்துக்கு மேல படுத்துக் கிடந்தது போதாதா, அதுக்கு மேல ஒரு மெடல் ஒட்ட வைக்கணுமா? ஆர்லிங்டன்ல (அமெரிக்க ராணுவக் கல்லறைத் தோட்டம்) அவர் கல்லறைக் கல்லு மத்த சிப்பாய்ங்களுது மாதிரி சாதா வெள்ளைக் கல்லுதான், ஆஸ்கர் வாங்கினவர்னு ஒரு வார்த்தை கிடையாது, பேருக்குக் கீழ பிஎஃப்சி, அதாவது கிட்டத்தட்ட அடிமட்ட சிப்பாய். பக்கத்துலயே குத்துச்சண்டை ஜோ லூயிஸ் கல்லறை.

மாடிவீட்டு மணி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். தேதியெல்லாம் போட்டு பொறுமையா க்ரூப்ல டைப் பண்ணிட்டேன். சித்தப்பா ரிப்ளை: "நீ என்ன சைபான்ல நின்னு பாத்தியா?"