மொட்டை மாடியில் சுக்கோத் குடில்: யூதக் குடும்பத்தின் பண்டிகை நாட்களைச் சென்னையில் படமெடுக்க யோசனை தேவை

அடையாறு கிளிக்:

வணக்கம். தென்சென்னையில் வாடகைக்கு இருக்கும் ஒரு யூதக் குடும்பத்துக்கு 2026 செப்டம்பர், அக்டோபரில் வீட்டுப் படங்கள் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். போஸ் கொடுத்த படங்கள் வேண்டாம் என்கிறார்கள். சமையல், மேஜை, பூ, பிள்ளைகள், சுக்கோத் என்ற குடில் பண்டிகைக்கு மாடியில் போடும் குடில் என அன்றாடம் நடப்பதுதான் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு ஆல்பமாகப் போகிறது. அங்கே அது இலையுதிர் காலம். அந்தச் சாயல் கொஞ்சம் வந்தால் சந்தோஷப்படுவார்களாம்.

என்னிடம் ஒரு கிராப் சென்சார் பாடி, 35 எம்எம் எஃப் 1.8, 18-55 கிட் லென்ஸ், ஒரு ஸ்பீட்லைட் (ஃபிளாஷ்) இருக்கிறது. எந்த நாட்களில் கேமராவை எடுக்கலாம், எப்போது கூடாது? மெழுகுவத்தி வெளிச்சத்துக்கும் ஓலைக்கூரை வெளிச்சத்துக்கும் என்ன செட்டிங்? இலையே உதிராத ஊரில் இலையுதிர் காலத்தை எப்படிக் காட்டுவது?

நாட்காட்டி:

முதலில் நாள் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள், லென்ஸ் அப்புறம். கீழே இருப்பது மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீடுகளின் கணக்கு. உங்கள் குடும்பம் எவ்வளவு கடைப்பிடிக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை சப்பாத், அவர்களின் வாராந்திர ஓய்வு நாள். அந்த நேரத்தில் படம் எடுப்பதில்லை. "நான் யூதன் இல்லையே, நான் எடுக்கலாமே" என்று நினைக்க வேண்டாம். அவர்கள் செய்யக்கூடாத வேலையைப் பிறரைக்கொண்டு தங்களுக்காகச் செய்துகொள்வதும் பொதுவாக அவர்களுக்கு விலக்கு. சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவது பரவலான வழக்கம். அதற்குள் கேமரா பைக்குள் போயிருக்க வேண்டும். பெரிய பண்டிகை நாட்களுக்கும் இதே விதி.

இந்த வருஷம் ரோஷ் ஹஷானா, அதாவது யூதப் புத்தாண்டு, செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்கி 13 ஞாயிறு இரவு முடிகிறது. இந்த இரண்டு நாளும் எடுக்க முடியாது. ஆனால் 11ஆம் தேதி பகல் முழுக்க உங்களுடையது. வட்டமாகச் சுருட்டும் ஹல்லா ரொட்டி, ஆப்பிள், தேன், மாதுளை எல்லாம் அன்றே தயாராகும். மேஜையை மாலை நாலரைக்கு அடுக்கித் தரச் சொல்லி, ஐந்தேகாலுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் அவசரம் இருக்கும். நீங்கள் குறுக்கே நிற்கக்கூடாது.

ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பு ஊதுவது வேண்டுமென்றால், ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய யூத மாதமான எலூலில் எடுங்கள். அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்கள்) வழக்கத்தில் சப்பாத்தும் ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய நாளும் தவிர மற்ற நாட்களில் காலைத் தொழுகையோடு ஊதுவார்கள். பண்டிகையன்றுதான் எடுப்பேன் என்று காத்திருந்தால் அந்தப் படம் கிடைக்கவே கிடைக்காது.

யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் 20 மாலை முதல் 21 இரவு வரை. அது முடிந்ததும் குடில் வேலை ஆரம்பமாகும். 22 முதல் 25 பிற்பகல் வரை கம்பு நடுவது, ஓலை ஏற்றுவது, பிள்ளைகள் காகிதச் சங்கிலி ஒட்டுவது என ஆல்பத்தின் உயிரே அந்த நான்கு நாளில்தான் இருக்கிறது. மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சுக்கோத் 25 மாலை தொடங்குகிறது, புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி. 26, 27 எடுக்கக்கூடாத நாட்கள். 28 திங்கள் முதல் அக்டோபர் 2 வெள்ளி பிற்பகல் வரை இடைநாட்கள். குடிலில் சாப்பாடும் இருக்கும், படம் எடுக்கவும் பெரும்பாலான வீடுகளில் தடை இருக்காது. பிறகு அக்டோபர் 4 இரவு வரை மறுபடி நிறுத்தம்.

மொட்டைமாடி வெளிச்சம்:

நாட்காட்டி சொன்ன 22–25 பற்றி நானும் அதையே சொல்கிறேன். குடில் போடும்போதே நீங்கள் அங்கே இருந்தால் வெளிச்சத்தில் பாதிப் பிரச்சினையைச் சரிசெய்துவிடலாம்.

பந்தல்காரர்கள் சவுக்குக் கம்பு நட்டு, சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீலம் அப்படியே முகத்தில் ஏறும், பிறகு கணினியில் எடுப்பது பெரும்பாடு. சுவருக்குக் காடாத் துணி கட்டச் சொல்லுங்கள். அது நான்கு பக்கமும் ரிஃப்ளெக்டராகவே வேலை செய்யும். துணியைக் கீழேயும் இழுத்துக் கட்ட வேண்டும். காற்றில் ஆடும் சுவர் அவர்கள் விதிப்படியும் சரியில்லை.

கூரை மண்ணில் விளைந்து வெட்டிய ஓலை, மூங்கில், கிளைதான். நிழல் வெயிலைவிட அதிகம் இருக்க வேண்டும், மேலே திறந்த வானம் இருக்க வேண்டும். முடைந்த கீற்றா, முடையாத தென்னை மட்டையா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். வெளிச்சம் மென்மையாக வேண்டும் என்று ஓலைக்கு மேலேயோ கீழேயோ வெள்ளைத் துணி மட்டும் கட்டிவிடாதீர்கள். துணி கூரையானால் குடிலே செல்லாது. மழைக்குத் தார்ப்பாய் இழுத்து மூடலாம். சாப்பிட உட்காரும் முன் விலக்கிவிடுவார்கள்.

பகல் 11 முதல் 3 வரை முகத்தில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். பொட்டுக்கும் நிழலுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) வித்தியாசம் இருப்பதால் எதை அளந்தாலும் ஒன்று கெடும். காலை ஆறரை முதல் ஏழரை, மாலை நாலரை முதல் ஐந்தரை வரை வெயில் பக்கவாட்டில் வந்து துணிச்சுவரை ஒளிரவைக்கும். அதுதான் உங்கள் நேரம். மதியச் சாப்பாட்டையும் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெயில் பொட்டுக்கு எக்ஸ்போஷர் வைத்து, மைனஸ் மூன்றில் இரண்டு ஸ்டாப் போட்டு, ரா கோப்பில் நிழலைத் தூக்குங்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்தால் தாடைக்குக் கீழ் இருட்டு குறையும். பச்சை ஓலை தோலில் பச்சை பூசும். அதனால் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், குடிலுக்குள்ளேயே சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை 6.05 முதல் 6.25 வரை வானம் நீலமாகவும் சீரியல் செட் மஞ்சளாகவும் சமமாக நிற்கும். இங்கே அந்தி சீக்கிரம் போய்விடும், இருபது நிமிடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/100. மலிவான எல்இடி விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/125, 1/200 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக வரலாம். 1/100 அல்லது 1/50 பாதுகாப்பு.

ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குப் போனால் லென்ஸ் பனிபடியும். பையை மூடியபடியே மாடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

பவழமல்லி:

பூவும் பருவமும் என் பங்கு.

ஆரஞ்சு ஃபில்டர் போட்டுப் பச்சையை மஞ்சளாக்கி "இலையுதிர் காலம்" செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஓலை நோய் பிடித்தது மாதிரி ஆகும், பிள்ளைகளின் தோல் நிறமும் போய்விடும். இந்தக் குடும்பத்தின் இந்த வருஷம் சென்னையில் நடக்கிறது. படத்தில் சென்னையின் புரட்டாசி இருக்கட்டும்.

குடிலின் கூரையே பருவத்தைக் காட்டும். வெட்டிய தென்னை ஓலை ஒரு வாரத்தில் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே மூலையை, ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் 25, 28, 30, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். முக்காலி நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

உதிரும் பூ வேண்டுமென்றால் பவழமல்லி. மாலையில் மலர்ந்து விடியலில் உதிரும். முந்தைய இரவே மரத்தடியில் அடர்நிறப் புடவை ஒன்றை விரித்துவிடுங்கள், வெள்ளைத் துணியில் இதழ் தொலைந்துபோகும். ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் எடுத்துவிட வேண்டும், வெயில் பட்டால் துவண்டுவிடும். ஃபிளாஷ் வேண்டாம், காம்புச் சிவப்பு வெளிறிவிடும். நாட்டு வாதுமை மரத்தையும் தேடிப் பாருங்கள். நம் ஊரில் இலை நன்றாகச் சிவந்து உதிர்வது அதுதான். ஒன்றிரண்டு பழுத்த இலைகளைச் சூரியனுக்கு எதிரே பிடித்து எடுத்தால் நரம்பெல்லாம் தெரியும்.

மேஜைக்குச் சம்பங்கியும் துலுக்க சாமந்தியும் கோயம்பேட்டில் அதிகாலையில் வாங்குங்கள். சாமந்தி ஆரஞ்சில் சிவப்பு நிறம்தான் முதலில் அளவு மீறி விவரம் இழக்கும். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) அதைக் காட்டாது, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள். முக்கால் ஸ்டாப் குறைத்தால் இதழ் இதழாக நிற்கும். மல்லிகைச் சரத்தை ஈர வாழையிலையில் சுற்றி நிழலில் வைக்காவிட்டால் மாலைக்குள் பழுப்பாகிவிடும்.

குடிலில் தொங்கும் மாலை, பழம், காகிதம் எதையும் பண்டிகை நாட்களில் பறிக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். கட்டும்போதே, 25க்கு முன்பே, உங்கள் ஃபிரேமைப் பார்த்து எங்கே தொங்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடையாறு கிளிக்:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் மெழுகுவத்திப் படம் எப்போதுதான் எடுப்பது? ஏற்றிய பிறகு எடுக்க முடியாதே. மேஜையில் வேறு எதைத் தொடாமல் இருக்க வேண்டும்?

நாட்காட்டி:

செப்டம்பர் 19 சனி இரவு. அன்று சப்பாத் முடிந்து, அதை வழியனுப்பும் சடங்கான ஹவ்தாலாவை வழக்கம்போலச் செய்வார்கள். பல திரிகளை முறுக்கிய மெழுகுவத்தி, ஒயின் கிண்ணம், வாசனைப் பொருள் மூன்றும் இருக்கும். அடுத்த சனி பண்டிகை நாளாகிவிடுகிறது, 27 ஞாயிறு இரவு செய்யும் ஹவ்தாலாவில் தீயும் வாசனைப் பொருளும் இல்லை. 19ஐ விட்டால் மூன்றும் சேர்ந்த ஹவ்தாலாவுக்கு அக்டோபர் 10 வரை காத்திருக்க வேண்டும். சடங்கு நடக்கும்போதே எடுக்கலாமா, முடிந்த பிறகா என்று வியாழனே கேட்டுவையுங்கள்.

பல திரி என்பதால் சுடர் பெரிது, ஒற்றை மெழுகுவத்தியைவிட நல்ல வெளிச்சம் தரும். எஃப் 2, 1/125, ஐஎஸ்ஓ 1600இல் தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸ் 2700 கெல்வின் பக்கம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் சப்பாத் முடிந்த பிறகு. சுடரை நோக்கி விரல்களை மடக்கி நகத்தைப் பார்ப்பார்கள். கையும் முகமும் ஒரே ஃபிரேமில் வர, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எடுங்கள். கடைசியில் ஒயினில் சுடரை அணைப்பார்கள். புகை தெரிய வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும்.

மேஜை விஷயம்: திறந்த ஒயின் பாட்டிலையோ கிண்ணத்தையோ நீங்கள் நகர்த்தாதீர்கள், அவர்களையே நகர்த்தச் சொல்லுங்கள். அழகுக்காக வெண்ணெய், தயிர் எதையும் கறி இருக்கும் மேஜையில் வைக்க வேண்டாம், இரண்டும் அங்கே சேராது. வெளியிலிருந்து பலகாரம் கொண்டுபோக வேண்டாம். எத்ரோக் (சுக்கோத் சடங்கில் கையில் பிடிக்கும் எலுமிச்சை வகை) பழத்தின் நுனிக் காம்பு முறிந்தால் அது சடங்குக்கு ஆகாமல் போகலாம். அதைப் பெட்டியில் வைத்தபடியோ அவர்கள் கையில் இருக்கும்போதோ மட்டும் எடுங்கள்.

ராயபுரம் லென்ஸ்:

ஹவ்தாலாவுக்கு ஸ்பீட்லைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் இருந்தால் போடத் தோன்றும்.

வெளிப்புறப் படத்துக்கு ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெருவை யோசியுங்கள். 17ஆம் நூற்றாண்டில் மதராஸில் பவழமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்களோடு அந்தத் தெருப் பெயருக்குத் தொடர்பு உண்டு. வண்டி நெரிசல் இல்லாத ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் போங்கள். தெரு குறுகல், 18-55இன் அகலப் பக்கம் போதும். லாயிட்ஸ் சாலையில் யூதர் கல்லறையும் இருக்கிறது. அங்கே அழைக்கும் முன் அந்தக் குடும்பத்து ஆண்கள் கோஹென் (பழைய குருமார்) வழியினரா என்று கேளுங்கள். அவர்கள் கல்லறைக்குள் நுழைவதில்லை. பூவும் வாங்கிப் போக வேண்டாம். கல்லறைமேல் சிறு கல் வைப்பதுதான் அவர்கள் வழக்கம்.

குடிலைப் பிரிப்பது அக்டோபர் 5 திங்கள் காலையில் இருக்கலாம். பிள்ளைகள் பள்ளி கிளம்பும் முன் செய்வார்களா, மாலையா என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.