தோட்டத்து வீட்டு போன்

*பண்ணைக்காடு வகையறா* குழு

ராணி அத்தை: ஆத்தாவுக்கு போன் கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்கு. இந்த மாசம் 30-ம் தேதியோட செம்பு லைன நிறுத்துறாங்களாம். கண்ணாடி இழை பைபருக்கு மாறிக்கணுமாம்

பெரியப்பா: நம்பர் மாறுமா

கார்த்தி: ஏர்பைபர் போட்டுரலாம் பெரியப்பா. கம்பியே வேணாம், மாடில ஒரு டப்பா போதும்

முருகேசன் சித்தப்பா: அவசரப்படாத கார்த்தி. அது 5ஜி டவர்ல இருந்து வர்றது. வேகம் குடுக்குறது 3500 மெகாஹெர்ட்ஸ் அலை. மழையில நனைஞ்ச இலை அதக் குடிச்சிரும். நம்ம வீட்டுக்கும் டவருக்கும் நடுவுல சில்வர் ஓக் வரிசை, அப்புறம் மேடு. 700 மெகாஹெர்ட்ஸ் மேட்டத் தாண்டி வரும், ஆனா அதுல பாதை அகலம் கம்மி, வேகம் இருக்காது

பெரியப்பா: அந்த மரத்த வெட்டுன்னு நாலு வருசமா சொல்றேன்

ராணி அத்தை: மரத்துப் பேச்சு இங்க வேணாம்ணே

சுதா மதினி: நம்பர்???

முருகேசன் சித்தப்பா: அதே கம்பெனி பைபர்னா பழைய நம்பரையே கேட்டு எழுதிக் குடுக்கணும். அதவிட முக்கியம் கரண்டு. செம்பு லைன்ல போனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்தே வந்துரும். வீட்ல கரண்டு இல்லாட்டியும் ஆத்தா பேசலாம். பைபர்ல வெறும் வெளிச்சம்தான் வரும். வீட்டுக்குள்ள அந்த வெளிச்சத்த போனுக்கும் நெட்டுக்கும் மாத்திக் குடுக்கிற ஓஎன்டி பெட்டி அணைஞ்சா போனும் போச்சு. ஆடிக்காத்துல மரம் விழுந்து கரண்டு போற ராத்திரிதான் ஆத்தாவுக்கு போன் வேணும்

கார்த்தி: மினி யூபிஎஸ்?

முருகேசன் சித்தப்பா: 8800 எம்ஏஎச்னு போட்டிருப்பான். அது 3.7 வோல்ட் கணக்கு, மொத்தம் 32 வாட் அவர்தான். பெட்டி 8 வாட் இழுத்தா, நடுவுல வீணாப்போறது போக மூணு மணி நேரம், கூடப் போனா மூணரை. 150 ஏஎச் பேட்டரியோட இன்வர்ட்டர் வெச்சு டிவி, லைட் போடாம இருந்தா ஒரு நாளுக்கு மேல நிக்கும்

ராணி அத்தை: இன்வர்ட்டர் யார் கணக்குல?

சுதா மதினி: வளைகாப்புக்கு மலைவாழை எத்தன தார்னு யாரும் சொல்லலையே

பெரியப்பா: 3

ராணி அத்தை: 3 பத்தாது

கார்த்தி: ஓஎன்டி ஆன்லைன்ல மலிவா கெடக்கு, வாங்கிரவா சித்தப்பா

முருகேசன் சித்தப்பா: வேணாம். ஜிபான், இபான்னு ரெண்டு வகை இருக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துவராது. ஜிபானே ஆனாலும் எக்ஸ்சேஞ்சுல இருந்து வெளிச்சம் அனுப்புற ஓஎல்டி எந்தக் கம்பெனி, நோக்கியாவா, ஹுவாவேயா, இசட்டிஇயா, தேஜஸான்னு கேக்கணும். ஸ்டாண்டர்டு ஒண்ணுதான், ஜி.984. ஆனா ஓஎல்டி நம்ம வீட்டுப் பெட்டிக்கு உத்தரவு போடுற ஓஎம்சிஐங்கிற பாஷையில ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமா கொஞ்சம் சேர்த்திருக்கு. கம்பெனி மாறினா நெட் வரும், போன் போர்ட் செத்துக் கெடக்கும். நமக்கு வேண்டியதே அந்தப் போர்ட்தான். அவங்க குடுக்கிற பெட்டியையே வாங்குங்க

முருகேசன் சித்தப்பா: லைன்மேன் வந்தா பக்கத்துல நில்லுங்கக்கா. போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு இழுக்கிற ட்ராப் ஒயர்ல இழுவைக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அத வெளியவே வெட்டி நிறுத்தச் சொல்லுங்க, இல்லாட்டி இடி விழுந்தா அது வழியா உள்ள வந்துரும். மிச்ச ஒயர டம்ளர் வாய்க்குக் கம்மியா சுருட்டக்கூடாது. ஒயர் முனையில இருக்கிற பச்சைக் கொண்டைய நீல சாக்கெட்டுல சொருகவும் கூடாது. பச்சையோட முனை 8 டிகிரி சாய்வு, நடுவுல சந்து விழுந்து லைட்டு வீணாப்போகும்

ராணி அத்தை: பச்சைக்குப் பச்சை. சரி

முருகேசன் சித்தப்பா: கடைசியா மீட்டர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. ஓஎல்டில வெளிச்சம் +3 டிபிஎம்ல கெளம்பும். 4 கிலோமீட்டருக்கு ஒண்ணேகால், எட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ரெண்டுக்கு 21, ஜாயின்ட்டுக்கு ஒண்ணரை கழியும். அப்ப −21 பக்கத்துல காட்டணும். −27-ஐ நெருங்கினா வெளிச்சம் ரொம்பக் கம்மின்னு அர்த்தம், கையெழுத்துப் போடாதீங்க. முதல் மழையிலயே சிவப்பு லைட்டு சிமிட்டும்

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை பேசுவோம்

ராணி அத்தை: இன்வர்ட்டர்?

சுதா மதினி: 5 தார் சொல்லிட்டேன்

ராணி அத்தை: தம்பி, பழைய போனே போதுமான்னு ஆத்தா கேக்குது. அந்த மணிச் சத்தம்தான் அதுக்குக் கேக்குதாம்

முருகேசன் சித்தப்பா: அதையே பெட்டிக்குப் பின்னாடி மாட்டலாம்கா. போனத் திருப்பி அடியில பாருங்க, பல்ஸ்-டோன்னு சின்ன சுவிட்சு இருக்கும். டோன்ல இருக்கணும். பல்ஸ்ல இருந்தா நிறைய பெட்டில நம்பர் போகாது

ராணி அத்தை: பல்ஸ்லதான் இருக்கு

ராணி அத்தை: தள்ளிட்டேன்

கார்த்தி: எழுதிக் குடுக்க யார் போறது?

பெரியப்பா: 👍