அம்மாவின் பிரஷர்: கிளினிக்கில் 168/72, வீட்டில் 142/70. எதை நம்புவது?

செந்தூல் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 73. போன வாரம் கிளினிக்கில் 168/72 காட்டியது. எல்ஆர்டி ரயிலில் இறங்கி வெயிலில் நடந்து போயிருந்தோம். உட்கார்ந்ததுமே சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றினார்கள். மிஷின் ஓடும்போதே கேள்வியும் கேட்டார்கள். வீட்டில் மேல்கை மிஷினில் 142/70. மணிக்கட்டு மிஷினைக் கட்டி, கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல் எண் 157. எது சரி? மேல் எண் இப்படி ஏறி இறங்கினாலும் கீழ் எண் 70 பக்கமே நிற்கிறதே, ஏன்? அப்புறம், காலையில் சாமி மேடை முன் உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். பிரஷர் கூடுதலாக உள்ளவருக்கு இது எப்படி வரும்? பயமாக இருக்கிறது.

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
தங்கச்சி, நான் பினாங்கில் 31 வருடம் மிஸ்ஸியாக (நர்சாக) இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மாவைப் போல நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கீழ் எண். இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி இரும்புக் குழாய் இல்லை, ரப்பர் போல உப்பும். இதயம் தளரும் நேரத்தில் அது சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசியில் உள்ள நுண்தமனிகள் குறுகலானவை, ரத்தத்தைச் சட்டென்று வடிய விடாது. அதனால்தான் துடிப்புக்கு இடையிலும் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. வயதானால் பெருந்தமனி விறைத்துப் போகும். உப்பி இடம் கொடுக்காததால் மேல் எண் ஏறும். சேர்த்து வைத்த விசை குறைவதால் கீழ் எண் ஏறாது, சிலருக்கு இறங்கவும் செய்யும். அம்மாவின் எண்கள் அந்த வகைதான். கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று மேல் எண்ணை விட்டுவிடாதீர்கள்.

தலைசுற்றல்: எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனே மூளைக்குச் சொல்லும். இதயம் வேகமெடுக்கும், நுண்தமனிகள் இறுகும். எல்லாம் சில நொடிகளில். வயதானவர்களுக்கு இந்தப் பதில் தாமதமாகும், சில பிரஷர் மாத்திரைகளும் அதைத் தாமதப்படுத்தும். சிறுநீரகமும் உப்பையும் நீரையும் பிடித்து வைத்து அழுத்தத்தை ஏற்றும், ஆனால் அதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். கருவாடு, கிச்சாப் (சோயா சாஸ்) கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

இனி அளப்பது. 1905ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன மாதிரி, பட்டையைத் தளர்த்தும்போது வரும் சத்தத்தை நாங்கள் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டு எடுத்தோம். உங்கள் மிஷின் சத்தம் கேட்பதில்லை, பட்டைக்குள் வரும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. கை அசைந்தால் கணக்கு தவறிவிடும், பேச்சு கொடுத்தால் பிரஷரே ஏறும். கை இதய மட்டத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டர் இறங்கினால் 8 கூடுதலாகக் காட்டும். மடியில் இருந்த மணிக்கட்டுக்கு 157 வந்த காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை மேசைமேல், பட்டை வெறும் தோலில். அப்புறம் நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் தம்பி:
மிஸ்ஸி சொன்னதோடு ஒன்று. என் அப்பா லாரி ஓட்டினவர், கை பருமன். சின்ன பட்டையில் 160க்குக் கீழே வந்ததே இல்லை. பெரிய பட்டை வாங்கினோம், அன்றே 146. அக்கா, அம்மாவின் கைக்கு உங்கள் பட்டை அளவு சரியா என்று பாருங்கள்.

செந்தூல் மகள்:
பட்டை அளவு சரிதான் தம்பி. மூன்று நாள் எடுத்தேன் மிஸ்ஸி. இன்று காலை உட்கார்ந்து 140/70, நின்று ஒரு நிமிடத்தில் 116/64, மூன்றாம் நிமிடம் 122/66. 24 இறங்குகிறது! அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜெலுத்தோங் மிஸ்ஸி:
அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள் தங்கச்சி. அதுவரை சாமி மேடை முன் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.